கடலுக்குப் போகும் வழியில் இருந்த வீடுகள்

சனிக்கிழமை மாலையில் போர்ட்டிக்சன் கடற்கரையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கோலாலம்பூர்க்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். விடுதிகளும் அடுக்குமாடிகளும் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். போன வருடம் பாட்டியை அங்கே கூட்டிப்போனேன். அவர் கடலை அதிகம் பார்க்கவில்லை. சிரம்பானுக்குத் திரும்பும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஓரிடத்தைக் காட்டி, "இங்கதான்யா நம்ம வீடு இருந்துச்சு. ஏழாம் நம்பர் லயம், கடைசிக் கதவு" என்றார். காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒரு சிமெண்டுத் தரைகூட மிஞ்சியிருக்கவில்லை.

நான் சிவில் பொறியாளன். வீடமைப்புத் திட்டங்களுக்கு வடிகால் வரைவது என் வேலை. அவற்றில் பல, பழைய தோட்ட நிலத்தில் எழுபவை. அதனால் "நம்ம வீடு" என்ற அந்த வார்த்தை என்னை விடவில்லை. அந்த வீடு எப்போது நம்முடையதாக இருந்தது?

இந்த ஊரை முதலில் உருவாக்கியது ஈயம். நீரிணைக் குடியேற்றங்களின் காலனியச் செயலாளராக இருந்த ஜான் ஃபிரெடரிக் டிக்சனின் பெயரைத்தான் துறைமுகத்துக்கு வைத்தார்கள். 1891-இல் சிரம்பானையும் துறைமுகத்தையும் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயத்துக்காகப் போட்ட பாதை அது. பிறகு ரப்பர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதையின் இருபுறமும் காடு அழிந்து பால் மரங்கள் நின்றன. மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் தங்க லயங்கள் எழுந்தன. துறைமுக நகரத்தின் பின்கட்டு அந்த லயங்கள்தாம். ஆனால் நகர வரலாறு எழுதுபவர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

பழைய லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அடைத்த அறைகள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவையும் உண்டு. அந்த அறைகளில் பின் ஜன்னல் இருக்காது. லயத்தை எங்கே கட்டுவது என்பதைப் பல இடங்களில் கொசுதான் தீர்மானித்தது. மலைச்சரிவில் காடு அழிக்கப்பட்டு ஓடைகளில் வெயில் விழுந்ததும் மலேரியாக் கொசு பெருகியது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, நிலத்தடிக் குழாய் வடிகால்களையும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதையும் பரிந்துரைத்தார். என் தொழிலின் முன்னோர்கள் இங்கே உயிர் காத்திருக்கிறார்கள் என்று படித்தபோது பெருமையாக இருந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. காய்ச்சலில் கிடக்கும் ஆள் மரம் சீவ முடியாது. வடிகால் வெட்டியதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சட்டங்களும் அதே வழியில்தான் வந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அதில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு 1966-இலும் 1990-இலும் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்குச் சட்டங்கள் வந்தன. தண்ணீர், கழிப்பறை, இடவசதி எல்லாவற்றையும் அவை பேசின. வீடு யாருடையது என்பதைப் பேசவில்லை. வேலை போனால் வீடும் போகும். அறுபது வயதில் பால் வாளியைக் கீழே வைத்தவர், சாவியையும் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இதில் ஒரு ஒப்பீடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் இருந்த சீனர்களைப் புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். இரண்டுமே கட்டாயக் குடியேற்றம்தான். ஆனால் புதுக்கிராமத்தில் இருந்தவர்களில் பலருக்குப் பிற்பாடு குத்தகைப் பட்டாவாவது கிடைத்தது. அந்த ஊர்கள் இன்றும் வரைபடத்தில் உள்ளன. லய வேலிக்குள் இருந்தவர்களுக்கோ காலுக்குக் கீழே இருந்த மண் கம்பெனியுடையது. வேலியை எடுத்ததும் அந்த இடம் மறுபடி தோட்டமாகிவிட்டது. ஊராகவில்லை.

1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். உங்கு அசீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதற்கு முன்பே, 1960-இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நிலத்தைத் தாமே வாங்கிவிடுவது என்ற பதில் அது. ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் அது எட்டவில்லை. 1981 செப்டம்பரில், நெகிரி செம்பிலானிலும் தோட்டங்கள் வைத்திருந்த கத்ரி நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலையில் மலேசியர் கைக்கு வந்தது. நாட்டுக்கு அது வெற்றிதான். லயத்தில் இருந்தவர்களுக்கு அன்றைக்கும் விடியற்காலைப் பெரட்டுதான்.

சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு ஒரு தோட்ட நிலத்தின் அளவை வரைபடம் வந்தது. ஓரத்தில் ஒரு சிறிய சதுரம். பக்கத்தில் "அகற்ற வேண்டிய கட்டுமானம்" என்று குறிப்பு. நேரில் போய்ப் பார்த்தால் மாரியம்மன் கோயில். மேலதிகாரியிடம் சொன்னேன். "நிலத்துக்காரர் முடிவு பண்ணுவார், நீ வடிகாலைப் பாரு" என்றார். வடிகாலை வரைந்தேன். "கட்டுமானம்" என்ற சொல்லை மட்டும் அழித்து, "கோயில், வழிபாட்டில் உள்ளது" என்று எழுதி அனுப்பினேன். கோயில் நிற்குமா என்று தெரியாது. குறைந்தபட்சம் கையெழுத்துப் போடுபவர் எதை அகற்றுகிறோம் என்று தெரிந்து போடட்டும்.

பாட்டிக்கு இப்போது எண்பத்தி மூன்று. வாரக் கடைசிகளில் அவர் பக்கத்தில் காகிதத்தோடு உட்காருகிறேன். பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, ஸ்டோர், கள்ளுக்கடை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார், நான் வரைகிறேன். எந்தக் கதவில் யார் இருந்தார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது. போன வாரம் நான் ஒரு லயத்தைத் தப்பான பக்கம் போட்டுவிட்டேன். "அங்க இல்லடா, குழாய்க்கு இந்தப் பக்கம்" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு லய நம்பர் தெரிந்தவர் இருப்பார். சீக்கிரம் கேட்டு எழுதி வையுங்கள். நிலத்துக்குப் பட்டா இல்லாத நமக்கு, இருந்தோம் என்பதற்கு இருக்கும் சாட்சி அவர்கள்தான்.