ஒரே இரவில் அமைந்த மெட்டு: 'ஜெல்டா' விளையாட்டுகளின் மைய இசை கடந்து வந்த பாதை

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986 பிப்ரவரி 21 அன்று வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' வீடியோ கேமின் மைய இசை, பின்னர் வந்த அதன் தொடர் வெளியீடுகளில் பலமுறை எடுத்தாளப்பட்டு, இன்று அரங்குகளில் முழு வாத்தியக் குழுவினர் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளது. ஆனால், அந்த விளையாட்டின் முகப்பில் முதலில் ஒலிக்கவிருந்தது இந்த மெட்டு அல்ல. பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ராவெலின் புகழ்பெற்ற 'பொலேரோ'வே அந்த இடத்துக்குத் தேர்வு செய்யப்பட்டிருந்தது.

ராவெல் 1937 டிசம்பரில் காலமானார். ஜப்பானியச் சட்டப்படி அப்போது படைப்பாளி மறைந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடித்தது. அந்தக் காலக்கெடு இன்னும் முடியவில்லை என்பது விளையாட்டு நிறைவடையும் தறுவாயில்தான் தெரியவந்தது. இசையமைப்பாளர் கோஜி கோண்டோவுக்கு அப்போது வயது 24. வீரர் திறந்தவெளியில் நடமாடும்போது ஒலிப்பதற்காகத் தாம் ஏற்கெனவே அமைத்திருந்த மெட்டை எடுத்து, அதன் நடையை நிதானமாக்கி, ஒரே இரவில் முகப்பிசையாக மாற்றியமைத்ததாக அவர் பின்னாளில் பேட்டிகளில் கூறியுள்ளார்.

வட்டின் இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 112 கிலோபைட் மட்டுமே கொள்ளளவு இருந்த காலம் அது. படம், வரைபடம், எதிரிகள், இசை என அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எனவே, மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலித்தாலும் சலிக்காத ஒரு மெட்டு தேவைப்பட்டது. வீரநடையுடன் மேலெழும் இந்த மெட்டு அந்தத் தேவையை நிறைவேற்றியது.

(விளையாட்டின் பெயரில் உள்ள ஜெல்டா என்பவர் ஹைரூல் நாட்டின் இளவரசி. வாளேந்திச் செல்லும் நாயகனின் பெயர் லிங்க். இவ்விரு பெயர்களையும் மாற்றிச் சொல்வோர் இன்றும் ஏராளம்.)

வாள் கிடைத்த பிறகே வரும் இசை

1991ஆம் ஆண்டு சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக வெளியான 'எ லிங்க் டு தி பாஸ்ட்' விளையாட்டில் இதே மெட்டு, மேம்பட்ட ஒலிச்சில்லின் உதவியால், வாத்தியக் குழுவை நினைவூட்டும் கனத்துடன் திரும்பி வந்தது.

அதைவிடக் கூர்மையான பயன்பாடு, 1993இல் கையடக்க கேம் பாய் கருவிக்கு வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்' விளையாட்டில் காணப்படுகிறது. கப்பல் உடைந்து தீவில் கரையொதுங்கும் லிங்க், தொடக்கத்தில் வாளின்றி அலைகிறான். அப்போது களத்தில் ஒலிப்பது வேறொரு இசை. கடற்கரையில் கிடக்கும் வாளை அவன் கையில் எடுத்த பிறகே பழைய மெட்டு முழங்கத் தொடங்குகிறது. பின்னணியில் ஓடும் ஒலியாக இருந்த இசை, 'இவன் இப்போதுதான் நாயகன் ஆனான்' என்று அறிவிக்கும் கதைக்கூறாக இங்கு மாறுகிறது. மறுபயன்பாடு என்றால் சரக்கு தீர்ந்துபோனதன் அடையாளம் என்று கருதுவோருக்கு இந்த ஒரு காட்சியே போதிய மறுமொழி.

1998இல் கோண்டோ எதிர்த்திசையில் ஓர் அடி எடுத்துவைத்தார். முப்பரிமாணத்தில் உருவான 'ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டின் பரந்த சமவெளியில் பழைய மெட்டு இடம்பெறவில்லை. மாறாக, சிறு சிறு இசைத் துண்டுகள் வரிசை மாறி மாறி ஒலித்தன. எதிரி நெருங்கினால் பதற்றமான துண்டும், வீரர் அசையாமல் நின்றால் அமைதியான துண்டும் வந்தன. நுட்ப அளவில் இது பெரும் முன்னேற்றம். எனினும், பழகிய மெட்டு இல்லாதது ரசிகர்கள் பலருக்குக் குறையாகவே தோன்றியது. 2000ஆம் ஆண்டில் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' விளையாட்டின் களத்தில் அது மீண்டும் ஒலித்தது.

பின்னோக்கி வாசித்தால்

தொடரின் மற்றொரு மெட்டான 'ஜெல்டாவின் தாலாட்டு' அடைந்த பயணம் இன்னும் சுவையானது. 1991இல் இளவரசி மீட்கப்படும் காட்சிக்கு எழுதப்பட்ட இந்த இசை, 1998இல் விளையாடுபவரே வாசிக்கும் பாடலாகியது. ஒக்கரினா என்பது மண்ணால் செய்யப்படும் சிறு ஊதுகருவி. கட்டுப்பாட்டுக் கருவியின் மூன்று பொத்தான்களைக் குறித்த வரிசையில் இருமுறை அழுத்தினால், லிங்க் அந்தக் கருவியில் தாலாட்டை வாசிப்பான். மூடிய வழிகள் திறக்கும். ஒரு தலைமுறைச் சிறார்களின் விரல்களில் அந்தச் சுரவரிசை பதிந்துபோனது இவ்வாறுதான்.

2011இல் வெளியான 'ஸ்கைவார்ட் சோர்ட்' விளையாட்டின் மைய இசையான 'தேவியின் பாடல்', அதே தாலாட்டைக் கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரம் வரை பின்னோக்கி அமைத்தது. தொடரின் கதைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் முந்தைய நிகழ்வுகளைச் சொல்லும் விளையாட்டு அது. காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கதைக்குப் பின்னோக்கிச் செல்லும் இசை பொருத்தமாகவே அமைந்தது. நேரடி வாத்தியக் குழுவின் வாசிப்பு விரிவாக இடம்பெற்றதும் இதில்தான்.

2017 மார்ச் 3 அன்று வெளியான 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில் காற்றும் பறவையொலியுமே பெரும்பாலும் கேட்கின்றன. இடையிடையே சில பியானோ சுரங்கள் மட்டும் உதிர்கின்றன. குதிரையில் தொடர்ந்து பயணிக்கும்போது அந்தச் சுரங்களைக் கூர்ந்து கேட்டால், மிக மெதுவாக நீட்டப்பட்ட 1986ஆம் ஆண்டின் மெட்டு புலப்படும். இறுதிப் போருக்கான ஹைரூல் கோட்டையை அடையும்போதுதான் அது தாலாட்டுடன் பின்னிப் பிணைந்து பேரொலியாக எழுகிறது. எவ்வளவு இசையை வேண்டுமானாலும் சேமிக்கக்கூடிய கருவி கைக்கு வந்த காலத்தில், மெட்டு மிகச் சிக்கனமாகச் செலவிடப்பட்டது.

உரிமை யாருக்கு?

பிறருடைய பதிப்புரிமை தடுத்ததால் உருவான இந்த இசையின் உரிமையை நிண்டெண்டோ இன்று கண்டிப்புடன் காத்து வருகிறது. முக்கிய இசைத் தளங்களில் நிறுவனத்தின் விளையாட்டு இசை கிடைக்காத நிலையில், ரசிகர்கள் யூடியூபில் பதிவேற்றியவையே பலருக்கு ஒரே வழியாக இருந்தன. அத்தகைய ஒரு பிரபல பக்கம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உரிமைக்கோரலால் முடக்கப்பட்டதைத் தொடர்ந்து 2022இல் மூடப்பட்டது. பழைய விளையாட்டுகளின் இசையைத் தேடிப் பிடித்து ஆவணப்படுத்தியவர்களின் உழைப்பு அதனுடன் மறைந்தது.

2024 அக்டோபர் 31 அன்று நிண்டெண்டோ தனது கட்டண இணையச் சேவையின் சந்தாதாரர்களுக்கென 'நிண்டெண்டோ மியூசிக்' என்ற செயலியை அறிமுகப்படுத்தியது. 'ஒக்கரினா ஆஃப் டைம்', 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆகியவற்றின் இசை முதல் நாளிலேயே அதில் இடம்பெற்றது. விரும்பும் மெட்டுகளை ஒரு மணி நேரம் வரை இடைவெளியின்றி நீட்டித்துக் கேட்கும் வசதியும் அந்தச் செயலியில் உள்ளது. 'பொலேரோ' 2016 மே 1 முதல் பிரான்சில் பொதுவுடைமையாகிவிட்டது.