டார்ட் போர்டின் கதை

நடுப்புள்ளியில் குத்தினால்தான் அதிக மதிப்பெண் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நடுவுக்கு 50 தான், 20-இன் மும்மடங்கு வளையத்துக்கோ 60!

டார்ட்ஸ் இங்கிலாந்தின் மதுக்கடைகளில் வளர்ந்த விளையாட்டு. அந்தக் காலத்துப் பலகை, எல்ம் மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத்துண்டு. நாள் முழுக்க அம்பு வாங்கிய பலகையை இரவில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மரம் உப்பினால்தான் ஓட்டைகள் மூடும். காயவிட்டால் வெடித்துவிடும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்த பெருமை நோடார் நிறுவனத்துக்கு உண்டு. 1919-ல் தொடங்கிய இது, முதலில் விற்றது பொம்மை செய்யும் களிமண். வாடை இல்லாத களிமண் என்பதால் 'நோ ஓடர்' என்பதே பெயராகிவிட்டது! களிமண் பலகை எடுபடவில்லை. 1930-களில் வந்த சிசல் பலகைதான் வென்றது.

சிசல் என்பது ஆனைக்கற்றாழை இனச் செடியின் நார். அதைச் சிறிதாக வெட்டி, நுனி வெளியே தெரியும்படி நிறுத்தி, அழுத்தி, இரும்பு வளையத்தில் இறுக்குகிறார்கள். அம்பு நார்களை விலக்கிக்கொண்டு நுழைகிறது. பிடுங்கியதும் அவை மறுபடி சேர்ந்துகொள்கின்றன.

எண் வரிசையிலும் தந்திரம் உண்டு. 20-க்கு இருபுறமும் 1, 5. நிற்பதோ 2.37 மீட்டர் தள்ளி. கை கொஞ்சம் நடுங்கினால் 20 போய் 1 தான் மிஞ்சும். ஆசைப்படலாம், ஆனால் குறி வேண்டும்!