மாதம் ஒரு கதை, கதைக்கு ஒரு பொருளியல் விதி

பொருளாதாரத்தைச் சாமானியருக்குப் புரியும்படி எழுதுவது ஒரு தொழிலாக உருவெடுத்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில். ஆடம் ஸ்மித்தின் பெருநூல் 1776-லும் ரிக்கார்டோவின் நூல் 1817-லும் வெளிவந்தன. ஆனால் ரொட்டி விலையும் கூலியும் யாருடைய வயிற்றைத் தொட்டனவோ, அவர்களின் கைக்கு இந்த நூல்கள் போய்ச் சேரவில்லை. இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜேன் மார்செட். ஓர் ஆசிரியையும் கரோலின் என்ற மாணவியும் பேசிக்கொள்ளும் உரையாடலாக 1816-இல் பொருளியலை எழுதினார். நல்ல முயற்சிதான், ஆனால் அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான நூல். ஆலைத் தொழிலாளியையும் வாசகராக எண்ணி எழுதத் துணிந்தவர் ஹாரியட் மார்ட்டினோ.

மார்ட்டினோ 1802-இல் நார்விச் நகரில் ஒரு துணி உற்பத்தியாளர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே காது கேட்பது குறைந்துவிட்டது. 1825-இல் வங்கிகளையும் வணிகத்தையும் உலுக்கிய நெருக்கடியில் குடும்பத் தொழில் ஆட்டம் கண்டது. மறு ஆண்டு தந்தை இறந்தார். 1829-இல் தொழில் முற்றாக நொடித்தது. அந்தக் காலத்துப் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரே வேலை வீட்டு ஆசிரியை வேலை. காது கேளாதவருக்கு அதுவும் இல்லை. பகலில் தையல் வேலை செய்து சம்பாதித்து, இரவில் எழுதினார். சந்தை சரிந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல.

1827-இல் மார்செட்டின் நூலைப் படித்தபோது அவருக்கு ஒன்று விளங்கியது. இயந்திரங்களைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தான் ஏற்கெனவே எழுதியிருந்த சிறுகதைகளில் இருந்தது இதே பொருளியல்தான். அப்படியானால் அந்தத் துறை முழுவதையுமே கதைகளாகச் சொல்லலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 1831 இறுதியில் அவர் லண்டனில் பதிப்பாளர்களைத் தேடி அலைந்தார். தேர்தல் சீர்திருத்த மசோதாவும் காலரா பயமும் நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பொருளியல் கதைகளை யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். கடைசியில் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர், 500 சந்தாதாரர்களை முன்கூட்டியே சேர்த்துத் தர வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கதை வடிவம் இந்தத் துறைக்கு ஒத்துவராது என்பது, பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மில் சொன்ன கருத்து.

1832 பிப்ரவரியில் முதல் பகுதி வெளிவந்தது. ஏறத்தாழப் பத்து நாள் எந்தச் செய்தியும் இல்லை. பிறகு ஃபாக்ஸின் கடிதம் வந்தது: திருத்தங்கள் இருந்தால் உடனே அனுப்பவும், இன்னும் 2,000 படிகள் அச்சிட வேண்டும். அடியில் ஒரு பின்குறிப்பு, 3,000 வேண்டும் என்று. அதற்கும் கீழே 4,000. அதற்கும் கீழே 5,000. ஜேம்ஸ் மில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். மாதம் ஒன்றாக 1834 வரை 25 பகுதிகள் வந்தன. இளவரசியாக இருந்த விக்டோரியாவும் அவற்றைப் படித்தார்.

ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொள்வது, அது உண்மையில் இயங்கும் ஒரு ஊரையும் அங்குள்ள மனிதர்களையும் கற்பனை செய்வது, கடைசியில் அந்தக் கதை விளக்கிய விதிகளைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருவது: இதுவே அவருடைய முறை. பணம் என்றால் என்ன என்பதைச் சொல்ல, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட போலந்துக்காரர்களை எடுத்துக்கொண்டார். ரஷ்யப் பேரரசர் அந்த நூலைத் தன் நாட்டில் தடை செய்தார். 1833-இல் வந்த 'கறுவாவும் முத்துகளும்' என்ற கதை இலங்கையில் நடக்கிறது. கடலில் முத்து, காட்டில் கறுவா என்று செல்வம் கொட்டிக்கிடக்கும் தீவில், மூழ்கி முத்தெடுப்பவன் ஏன் பரம ஏழையாக இருக்கிறான்? கதை சொல்லும் பதில்: ஏகபோகம். முத்துக்குளிப்பும் கறுவா வணிகமும் ஆட்சியாளர்களின் பிடியில் இருக்கும்வரை, அந்தச் செல்வத்தில் தீவு மக்களுக்குப் பங்கில்லை. இலங்கையில் கறுவா ஏகபோகம் அதே 1833-இல் ஒழிக்கப்பட்டது. கதையால் அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அலுவலகங்களில் பேசப்பட்ட ஒரு பிரச்சினையை வாசகரின் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது இந்தக் கதை.

எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. 'மான்செஸ்டர் வேலைநிறுத்தம்' கதையில், நூற்பாலையில் வேலை பார்த்துக் கால் நொண்டும் எட்டு வயது மார்த்தாவை வாசகர் மறக்க முடியாது. அவளுடைய தந்தை வில்லியம் ஆலன் நேர்மையானவர். விருப்பமில்லாமலே போராட்டத்துக்குத் தலைமை ஏற்று, அது தோற்ற பின் எந்த ஆலையிலும் வேலை கிடைக்காமல், கோடையில் தெருவுக்குத் தண்ணீர் தெளித்தும் குளிர்காலத்தில் தெருவைக் கூட்டியும் பிழைக்கிறார். இவ்வளவு பரிவோடு எழுதிய கதை கடைசியில் சொல்லும் பாடமோ, கூலிக்கென்று உள்ள நிதிக்கு ஓர் அளவு உண்டு, வேலைநிறுத்தத்தால் அதைக் கூட்ட முடியாது என்பது. அந்தக் கூலி நிதிக் கோட்பாட்டை ஜேம்ஸ் மில்லின் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லே 1869-இல் கைவிட்டார். தெளிவான எழுத்து கோட்பாட்டின் குறையையும் சேர்த்தே பரப்பியது. ஆனால் அன்று அவரைத் தாக்கியவர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் குறையை அல்ல. மணமாகாத ஒரு பெண் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதலாமா என்று 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழ் 1833-இல் அவரைக் கீழ்த்தரமாக ஏசியது.

1852 முதல் மார்ட்டினோ லண்டன் நாளேடான 'டெய்லி நியூஸ்' இதழுக்குத் தலையங்கம் எழுதினார். கதைப் போர்வை இப்போது தேவைப்படவில்லை. வாசகர்கள் நேரடியான விளக்கத்துக்குப் பழகியிருந்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது, இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியின் வரலாற்றை எழுதி அதே ஆண்டில் நூலாக வெளியிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடிய ஆண்டுகளிலும் அவர் அந்த ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 1,600-க்கும் மேற்பட்ட அந்தத் தலையங்கங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. 1866-இல் உடல்நலக் குறைவால் அந்தப் பணியிலிருந்து விலகினார்.