கடவுளின் பெயருக்கு இழுக்கு: எருசலேம் வீழ்ந்தது ஏன்?

பழங்காலத்தில் ஒரு நாடு போரில் தோற்றால் அந்நாட்டின் தெய்வமும் தோற்றுவிட்டது என்றே பேசப்பட்டது. வென்றவனின் தெய்வமே பெரிய தெய்வம். தோற்ற மக்கள் பலர் நாளடைவில் அதையே வணங்கித் தங்கள் அடையாளத்தை இழந்தனர். பாபிலோனியரிடம் வீழ்ந்த யூதா மக்கள் அப்படி மறைந்துபோகவில்லை. கடவுள் தோற்கவில்லை, அவரே தம் மக்களைத் தண்டித்தார் என்று அவர்களுடைய தீர்க்கதரிசிகள் சொன்னதே அதற்கு முக்கியக் காரணம்.

அப்படி அவர்கள் செய்த குற்றம் என்ன?

மீறப்பட்ட உடன்படிக்கை

பத்துக் கட்டளைகளின் தொடக்கத்திலேயே இரண்டு தடைகள் வருகின்றன. உருவம் செய்து வணங்கக்கூடாது. கடவுளின் பெயரை வீணாக எடுக்கக்கூடாது. எகிப்தில் அடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேலருக்கும் அவர்கள் கடவுளுக்கும் இடையிலான உடன்படிக்கை இது.

வடக்கே யெரொபெயாம் மன்னன் தாணிலும் பெத்தேலிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுவினான். அந்த நாடு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் வீழ்ந்தது. தெற்கே யூதாவில் 55 ஆண்டுகள் ஆண்ட மனாசே, எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அசேராவின் சிலையை வைத்தான். இன்னோம் பள்ளத்தாக்கில் பெற்ற பிள்ளைகளையே தீயில் பலியிட்டனர். கி.மு. 622 வாக்கில் யோசியா மன்னன் சீர்திருத்தம் செய்தான். அவனுக்குப் பின் வந்தவர்கள் பழைய வழிக்கே திரும்பினர்.

அடிமைகளுக்குக் கொடுத்த வாக்கு

பெயருக்கு இழுக்கு என்றால் வாயால் நிந்திப்பது மட்டும்தானா? எரேமியா நூலின் 34-ஆம் அதிகாரம் வேறு விதமாகச் சொல்கிறது.

நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரம். எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாகச் சிதேக்கியா மன்னனும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்தனர். கன்றைப் பிளந்து அதன் துண்டுகளின் நடுவே நடந்து சத்தியம் செய்தனர். அடிமைகளும் விடுதலை பெற்றனர். அதற்குள் எகிப்தியப் படை வருவதறிந்து பாபிலோனியர் முற்றுகையைத் தற்காலிகமாக விலக்கினர். ஆபத்து நீங்கியது என்று நினைத்த எசமானர்கள், விடுவித்த அதே ஆண்களையும் பெண்களையும் பிடித்து வந்து மீண்டும் அடிமையாக்கினர்.

இதைத்தான் கடவுளின் பெயரைக் கெடுத்த செயல் என்று எரேமியா கண்டித்தார். சிலை வணக்கத்தையும் ஏழைக்குச் செய்த துரோகத்தையும் அவர் ஒரே தராசில் நிறுத்தினார். விலகிய படை திரும்பி வந்தது. கி.மு. 586-இல் (சிலர் கணக்கில் 587) நகரமும் ஆலயமும் எரிந்தன. சிதேக்கியாவின் கண்முன்னே அவன் புதல்வர்களைக் கொன்று, பிறகு அவன் கண்களையும் பிடுங்கினார்கள்.

மண்ணுக்கடியில் கிடைத்த சாட்சி

அப்போது லாகீஸ், அசெக்கா ஆகிய இரு அரணான நகரங்களே எஞ்சியிருந்தன என்று அதே அதிகாரம் கூறுகிறது. 1935-இல் லாகீசில் நடந்த அகழாய்வில் மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், லாகீசின் தீ அடையாளத்தைக் கவனித்திருப்பதாகவும், அசெக்கா கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார். சிதேக்கியாவுக்கு முன்பே சிறைப்பட்ட யோயாக்கீன் மன்னனுக்குப் பாபிலோனில் எண்ணெய்ப் படி அளந்த கணக்கும் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளது.

தண்டனைக்குப் பின்

நாடு கடத்தப்பட்டவர்களோடு பாபிலோனில் இருந்தவர் எசேக்கியேல். கடவுளின் மக்களே தம் நாட்டை இழந்தார்களே என்ற அயலாரின் ஏளனமும் அந்தப் பெயருக்கு வந்த இழுக்கு என்றார் அவர். மக்களின் தகுதிக்காக அல்ல, தம் பெயரின் பொருட்டே கடவுள் அவர்களை மீட்பார் என்றும் அறிவித்தார். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். அதன்பின் அவர்களில் ஒரு பகுதியினர் நாடு திரும்பி ஆலயத்தை மீண்டும் கட்டினர்.

தோல்விக்குப் பகைவனைக் குறை சொல்வது எளிது. தங்கள் பிழையையே வேதத்தில் எழுதி, தலைமுறை தலைமுறையாக வாசித்து வந்த மக்கள் இவர்கள். கடவுளின் பெயரால் சத்தியம் செய்கிறவன், அந்தச் சத்தியத்தை நம்பிய எளியவனைக் கைவிட்டால், அவன் கட்டிய ஆலயமே அவனைக் காக்காது என்பதுதான் எருசலேமின் சாம்பலிலிருந்து அவர்கள் கற்ற பாடம்.