தூண்டில் ராடின் கார்க் கைப்பிடிக்கு கலர் மாத்தணுமா? பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வாங்கின புதுசுல தேன் நிறத்தில் பளிச்னு இருந்த கைப்பிடி, இப்போ கறுத்துப்போய் பிசுபிசுனு இருக்கா? இல்லை, எல்லார் ராடிலும் இருக்கும் அதே வெளிர் நிறம் போரடிக்குதா? ரெண்டுக்கும் வழி இருக்கு. ஆனா, ஒரு விஷயத்தை முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. கார்க்கை அடர் நிறமாக்கலாம். சாயம் போட்ட பிறகு பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கு. கார்க் என்பது கட்டை இல்லை, கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகிலேயே இதை அதிகம் உற்பத்தி செய்வது போர்ச்சுகல். மரத்தை வெட்டாமல், சுமார் 9 வருஷத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுப்பார்கள். உள்ளே காற்று அடைபட்ட குட்டிக் குட்டி அறைகள். அதனால்தான் எடை குறைவு, ஈரக்கையிலும் பிடி வழுக்காது. தண்ணீரை எளிதில் உள்ளே விடாத கார்க், சாயத்தையும் ஆழமாக விடாது. மேலோடு நின்னுடும்.

முதலில் குளிப்பாட்டுங்க

கலர் மாத்தணும்னு நினைக்கிற பலருக்குத் தேவைப்படுவது சாயம் இல்லை, சோப்புதான். அந்தக் கறுப்பு உங்கள் கை எண்ணெய், மீன் வழவழப்பு, தூசி எல்லாம் சேர்ந்த அழுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, ஸ்பான்ஞ்சால் மெதுவாகத் தேயுங்க. கம்பி நார் வேண்டாம், பிய்த்து எடுத்துடும். ப்ளீச்சும் வேண்டாம், கார்க்கைப் பலவீனமாக்கிடும். ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பாருங்க. பல பேர் இதோடயே சாயம் போடும் எண்ணத்தைக் கைவிட்டுடுவாங்க.

இன்னமும் கறை இருந்தால், ரீல் சீட்டையும் கைப்பிடியின் ரெண்டு முனைகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடிட்டு, 220 நம்பர் உப்புத்தாள், பிறகு 400 போட்டு லேசாகத் தேய்க்கலாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கைப்பிடி மெலியும், ஞாபகம் இருக்கட்டும். உதிரும் தூளைக் கொட்டிடாதீங்க! தண்ணீர் தாங்கும் மரப்பசையில் அதைக் குழைத்தால், கார்க்கில் இருக்கும் ஓட்டைகளை அடைக்கலாம்.

பெயின்ட் ஏன் வேண்டாம்?

பெயின்ட் மேலே ஒரு படலமாக உட்காரும். நீங்க இறுக்கிப் பிடிக்கும்போது கார்க் அமுங்கும், படலம் அமுங்காது. வெடித்து, செதில் செதிலாக உரியும். அதைவிட மோசம், நனைஞ்சா வழுக்கும். பெரிய மீன் இழுக்கிற நேரத்தில் ராட் கையை விட்டு நழுவினால், மீனோடு ராடும் போச்சு.

அதுக்குப் பதிலா, ஸ்பிரிட் கலந்த லெதர் டை அல்லது வுட் ஸ்டெயின் வாங்குங்க. கையுறை போட்டுக்கிட்டு, துணியில் கொஞ்சமாகத் தொட்டு, மெல்லிசா ரெண்டு மூணு கோட். பசை வைத்து அடைத்த இடங்கள் மட்டும் வேற ஷேடில் தெரியும். அது தவறில்லை, பசையின் குணம். நேரா ராடிலேயே சோதிச்சுப் பார்க்காதீங்க. பழைய இறகு ஷட்டில்காக் இருந்தால், அதன் தலையும் பெரும்பாலும் கார்க்தான். மேலே இருக்கும் வெள்ளை உறையை உரிச்சுட்டு அதில் ட்ரை பண்ணுங்க. கறுப்பு, காபி பிரவுன், அடர் சிவப்பு நல்லா எடுபடும். வெளிர் நீலம், மஞ்சள் ஆசை இருந்தால் விட்டுடுங்க, கார்க்கின் பழுப்பு அதை மங்கலாக்கிடும்.

முழுசா காய்ந்ததும் சீல் செய்யணும். இல்லைன்னா வியர்வையில் சாயம் கரைஞ்சு சட்டையில் ஒட்டும். தூண்டில் கடைகளில், ஆன்லைனில் கிடைக்கும் கார்க் சீலர் நல்லது. டங் ஆயிலும் போடலாம். வீட்டில் இருக்குதேனு தேங்காய் எண்ணெய் தடவிடாதீங்க. அது காயாது, அழுக்கைத்தான் இழுக்கும்.

கடைசியா ஒண்ணு. டங் ஆயில், லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீங்க. காயும்போது அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கலாம். வெளியில் விரிச்சுக் காயப்போட்டு, விறைப்பான பிறகு தூக்கிப்போடுங்க.