மின்வலை

பெயர்ச்சொல், மின் + வலை. ஆங்கில ‘கிரிட்’டுக்கு ஈடு. அந்தச் சொல்லின் மூலம் ‘கிரிட்அயர்ன்’. அதாவது இறைச்சி வாட்டும் இரும்புச் சட்டம். அரசு ஏடுகளில் பெரும்பாலும் ‘மின் கட்டமைப்பு’ என்றே வரும். பிழையில்லை, ஆனால் கட்டடம் போல அசையாத பொருளை நினைவூட்டுகிறது.

வலை அப்படியல்ல. காசிமேட்டில் வலை இழுப்பவருக்குத் தெரியும், ஒரு கண்ணியில் மீன் துள்ளினால் கயிறு பிடித்த கைக்கு அது எட்டும். வல்லூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகு ஒன்று திடீரென நின்றாலும் அதேதான்: 50 ஹெர்ட்சில் ஓடவேண்டிய அதிர்வெண், இணைந்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் ஒருசேரச் சரியும்.

கணினி வலையமைப்பும் இதற்குள்ளேயே ஓடுகிறது. உயர் அழுத்தக் கோபுரங்களின் உச்சியில் செல்லும் புவிக்கம்பி பலவற்றுக்குள் கண்ணாடி இழை உண்டு. துணைமின் நிலைய அளவீடுகள் அதன் வழியே சில நொடிகளில் சென்னையிலுள்ள மாநிலச் சுமைப் பகிர்வு மையத்துக்கும், பெங்களூரிலுள்ள தென்மண்டல மையத்துக்கும் போகின்றன. மின்சாரத்துக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என இரண்டு வலைகள்; தாங்குவது ஒரே கோபுரம். ஆகவே ‘மின்வலை’யே பொருத்தம் என்பேன்.

2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தென்மண்டலம் தப்பியது, அப்போது அது தனி வலை என்பதால். ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியே தேசிய மின்வலையோடு ஒத்திசைந்தது 2013 டிசம்பர் 31இல்.