சிப்பிப்பாறை நாயும் அதன் ஓட்டமும்



வரலாறு என்றவுடன் அரசரையும் போரையுமே மாணவர் எண்ணுவர். உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த வேட்டைநாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கிய நாயினத்தைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

அதன் வரலாற்றை அதன் உடலிலேயே படிக்கலாம். மரங்கள் குறைந்த கரிசற்காட்டில் முயல் எழுந்தோடினால் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே மோப்பம் பிடித்துச் செல்லும் நாயைவிட, கண்ணால் கண்டு துரத்தும் நாயே அங்கு வேண்டப்பட்டது. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வில்லென வளையும் முதுகு ஆகிய யாவும் அத்தேவைக்கேற்ப அமைந்தவை. முழு விரைவில் ஓடுங்கால், ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை அதன் நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்கும்.

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1991-இல் வந்த திருத்தம் வேட்டையை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிற்று. நாயை ஏவி முயலைத் துரத்துவதும் சட்டப்படி வேட்டையே. இது நன்றே, முயலுக்கும் வாழும் உரிமை உண்டு. ஆனால், சட்டம் வேட்டையை நிறுத்திற்றேயன்றி, நாயின் உடலில் ஊறிய ஓட்டத்தை நிறுத்தவில்லை. தொழில் இழந்த அந்நாய் பல வீடுகளில் சங்கிலிக்கு இரையாயிற்று.

2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களின் உருவம் பொறித்த தபால்தலைகளை வெளியிட்டது. நம் இராசபாளையம் நாயும் அவற்றுள் ஒன்று. பெருமைதான், எனினும் தபால்தலையில் நிற்கும் நாய்க்கு ஓட்டம் தேவையில்லை, வாசலில் நிற்கும் நாய்க்குத் தேவை.

என் இல்லத்தில் சிப்பிப்பாறைப் பெட்டை நாய் ஒன்று ஆறு ஆண்டுகளாக வாழ்கிறது. வெயில் ஏறுமுன் வேலியிட்ட தோட்டத்தில் அதனை அவிழ்த்துவிடுவேன். வேலி இன்றியமையாதது, ஓடும் பொருளைக் கண்டுவிட்டால் அழைக்கும் குரல் அதன் செவியில் ஏறாது. ஓடி இளைப்பாறிய பின்னரே உணவு. கொழுப்பற்ற மெல்லிய உடலாதலால், மார்கழிப் பனியில் சாக்கு விரிப்பும் போர்வையும் அளிப்பேன். ஓடிய நாளில் அது குழந்தைபோல் அமைதியாக உறங்கும். அடைமழையால் ஓடாத நாளில் மண்ணைத் தோண்டும், கதவைப் பிறாண்டும். அதைக் குறும்பென்று அடிப்பது அறியாமை. அடங்கிக் கிடக்கும் ஆற்றலின் முறையீடு அது.

உயர்ந்த இனம் என்று விலை கொடுத்து வாங்க விரும்புவோர், தம்மிடம் ஓடவிட இடமும் உடனிருக்கப் பொழுதும் உளவா என முதலில் எண்ணிப் பார்ப்பாராக. இல்லையெனில் வாங்காதிருப்பதே அந்நாய்க்குச் செய்யும் உதவி. ஓட்டத்திற்கென முன்னோர் உருவாக்கிய உயிரைக் கட்டிப்போட்டு வைத்துவிட்டு, இனத்தைக் காத்தோம் என்று சொல்லுதல் பொருந்தாது. அதன் ஓட்டத்தைக் காப்பதே இனத்தைக் காப்பதாகும்.